அரிவாளலகன்

இது ஏழாவது ஞாயிறு.
அல்மாட்டி இன்னும் தூங்குகிறது.
சாபித் சுபாருவின் கதவைச் சாத்துகிற சத்தத்துக்கு
மூன்றாம் மாடி நாய் குரைக்கிறது.
"குறிச்சுக்கோப்பா, முதல் பறவை" என்கிறாள் தோமிரிஸ்.
பதினாலு வயது. அதன்பின் காதில் இயர்போன்.

பின்சீட்டில் ஏல்தாரும் நானும்,
எங்களுக்கு நடுவில் அவன் வாந்திக்கென்று ஒரு பிளாஸ்டிக் பை.
மேலே போக முப்பத்திரண்டு வளைவு.
இருபதில் எடுத்துவிடுவான்.
இன்று இருபத்திமூன்று வரை தாங்கினான்.
சாபித் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினான்.

எல்லை பக்கம் என்பதால் சாவடியில் அடையாள அட்டை கேட்டார்கள்.
மீசை அரும்பாத சிப்பாய்.
"எதுக்குப் போறீங்க?"
"பறவை பார்க்க."
"கீழே கோழி கிடைக்கலையா?"
சாபித் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.
அதற்குக் கால் மணி நேரம் பேச்சில்லை.

பிறகு ஏரி.
ஊரே குடிக்கிற தண்ணீர்,
யாரும் விரல் நனைக்கக் கூடாது.
அதன் நிறம் பச்சையா நீலமா என்று
கல்யாணமான வருஷத்திலிருந்து எங்களுக்குள் வழக்கு.

ஏரிக்கு அப்பால்
ஓடை கூழாங்கற்களைக் கொட்டிப் பரப்பிய இடத்தில்
முக்காலியை ஊன்றினான்.
அரிவாளலகன் என்று பெயராம்.
கல்லின் நிறம், கல்லின் அளவு, கல்லின் பொறுமை.
"ஆயிரம் கல்லில் ஒரு கல் நடக்கும், அதுதான்."
ஆலையில் ஆட்குறைப்பு செய்து கொடுத்த பணத்தில்
அவன் தனக்கென்று வாங்கியது இந்தத் தொலைநோக்கி ஒன்றுதான்.
வாங்கிய அன்று நான் கத்தினேன்.
அது இப்போது வேண்டாம்.

பதினொரு மணிக்குத் தெர்மாஸ் தேநீர், பவுர்சாக்,
உப்புக் கரிக்கும் குர்த் உருண்டைகள்.
ஏல்தார் ஓர் உருண்டையைக் கற்களுக்கிடையே வைத்து
"அப்பா, முட்டை!" என்றான்.
ஒரு கணம்தான். சாபித்தின் முகத்தை
நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தேநீர் தன் வேலையைக் காட்டியது.
மரம் முளைக்காத உயரம். மறைவு தேடி நடந்தேன்.
ஒட்டகம் படுத்த மாதிரி ஒரு பாறை.
அதன் பின்னால்,
முழங்காலில் காற்சட்டையோடு குந்தியிருக்கையில்
எதிரே ஒரு கல் நடந்தது.

நின்றது.
கண் வரைக்கும் முகத்தைத் தண்ணீரில் விட்டு
எதையோ எடுத்து விழுங்கியது.
கறுத்த முகம், நெஞ்சில் ஒரு கறுப்புப் பட்டை.
அலகு, புத்தகத்தில் இருந்த சிவப்பில்லை,
பீட்ரூட் நறுக்கிக் கழுவாத விரல்.
என்னைப் பார்த்தது.
நாற்பத்தொரு வயதில், அதுவும் அந்த நிலையில்,
யாரும் என்னை அத்தனை மரியாதையாகப் பார்த்ததில்லை.

கூப்பிட்டால் போய்விடும்.
எழுந்தாலும் போய்விடும்,
தவிர எதிர்க்கரையில் ஒரு குடும்பம்
தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தது.
கால் மரத்தது.
எவ்வளவு நேரம் என்றால்
அது மூன்று புழு தின்ன எடுத்துக்கொண்ட நேரம்.
பிறகு கல்லாகிவிட்டது.
எந்தக் கல் என்று தெரியவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?"
"வழுக்குது" என்றேன்.

கிளம்பும் முன் நோட்டை எடுத்து எழுதினான்.
சீட்டிப்பாடி இரண்டு. செங்கழுத்தன் ஒன்று.
பொன்கழுகு, சந்தேகம்.
அரிவாளலகன் பெயருக்கு நேரே
ஏழாவது முறையாக ஒரு கோடு.

இறக்கத்தில் சொல்லிவிடத்தான் நினைத்தேன்.
சொன்னால் வண்டியைத் திருப்புவான்,
பெட்ரோல் போதாது, ஏல்தார் தூங்கிவிட்டான்,
தோமிரிஸ் ரகளை பண்ணுவாள்.
எல்லாம் காரணங்கள்தான்.
அந்த வீட்டில் எனக்கென்று பூட்டிவைக்க
ஒரு இழுப்பறைகூடக் கிடையாது.

பதினேழாவது வளைவில் வாய் தானாகத் திறந்தது:
"அடுத்த வாரம் முக்காலியை அந்தப் பாறைப் பக்கம் போட்டுப் பாரேன்."
"எந்தப் பாறை?"
"ஒட்டகம் மாதிரி இருக்குமே."

வண்டி மெதுவானது.
மேல் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்,
கற்பரப்பைப் பார்க்கிற அதே பார்வை,
எது அசையும் என்று.

நான் அசையவில்லை.